100 ரூபாய்த் தேர்வு, 400 கிலோமீட்டர் பயணம்: செட்டிநாட்டிலிருந்து ஹாம் ரேடியோ லைசென்ஸ் எடுப்பது எப்படி?

சொந்த ஆர்வத்தில் வானலையில் பேசுவதற்கான ஹாம் ரேடியோ லைசென்ஸ் என்றதுமே பலருக்கு முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" என்பதுதான். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் தவறானவை. செட்டின் (பேசும் ரேடியோ கருவியின்) விலையையும் லைசென்ஸ் கட்டணத்தையும் ஒன்றாகப் போட்டுக் கூட்டி, "அதெல்லாம் லட்சக்கணக்கில் ஆகும்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஆசையோடு கேட்ட பையனும் பொண்ணும் அதோடு விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் வருத்தம்.

அரசுக்குக் கட்டுவது மிகச் சிறிய தொகை. தேர்வுக்கு 100 ரூபாய். தேறிய பிறகு லைசென்ஸுக்கு 20 ஆண்டுகளுக்குச் சேர்த்து 1,000 ரூபாய், ஆயுள் முழுவதற்கும் என்றால் 2,000 ரூபாய். ஆயுள் என்பது இங்கே 80 வயது வரை. பல ஆண்டுகளாக இருந்துவரும் கட்டணம் இது. 1885, 1933-ஆம் ஆண்டுகளின் பழைய தந்திச் சட்டங்களின் இடத்தில் 2023-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது, அதன் கீழ் விதிகள் ஒவ்வொன்றாக மாற்றி எழுதப்படுகின்றன. ஆகவே பணம் கட்டும் நாளில் அரசுத் தளத்தில் இருக்கும் தொகையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

20 ஆண்டுக்கு 1,000 என்றால் ஆண்டுக்கு 50 ரூபாய். செலவு உண்மையில் விழும் இடங்கள் வேறு: பயணம், காத்திருப்பு, அப்புறம் செட். இந்த மூன்றையும் எந்த வரிசையில் வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மூவாயிரத்தில் முடிகிற வேலை முப்பதாயிரத்துக்குப் போகிறது. செட்டை முதலில் வாங்கிவிட்டு லைசென்ஸை அப்புறம் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள்தான் பணத்தை அதிகம் இழக்கிறார்கள்.

இது எதற்கான அனுமதி?

ஹாம் ரேடியோ என்பது லாப நோக்கம் இல்லாமல், சொந்த ஆர்வத்தில், வானலை வழியாக மற்ற ஹாம்களோடு பேசுவதற்கும் பரிசோதனைகள் செய்வதற்குமான உரிமை. இடையில் செல்போன் கம்பெனி இல்லை, இன்டர்நெட் இல்லை. உங்கள் செட்டிலிருந்து கிளம்பும் அலை நேராகவோ, வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பியோ எதிராளியின் ஆன்டெனாவைச் சேரும்.

இந்தியாவில் இதற்கு இரண்டு தரங்கள். தொடக்கத் தரம் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு. அதில் வருபவர்களுக்கு வியூ3 (VU3) என்று தொடங்கும் கால்சைன், அதாவது நிலையத்தின் அடையாளப் பெயர், கிடைக்கும். மேல்தரம் ஜெனரல் கிரேடு, அவர்களுக்கு வியூ2. ராஜீவ் காந்தியின் கால்சைன் வியூ2ஆர்ஜி. வியூ என்ற முன்னொட்டு இந்தியாவைக் குறிக்கும். உலகின் எந்த மூலையில் கேட்பவரும் அந்த ஈரெழுத்துத் தொடக்கத்திலேயே இது இந்திய நிலையம் என்று தெரிந்துகொள்வார். ரெஸ்ட்ரிக்டட் கிரேடில் அலைவரிசைகளும் அனுப்பும் சக்தியும் குறைவு. ஜெனரலில் 400 வாட் வரை போகலாம். தொடக்கத்தில் 400 வாட் யாருக்கும் தேவைப்படாது. சரியாகக் கட்டிய ஒரு கம்பி ஆன்டெனாவும் 10 வாட்டும் இருந்தால் காலை நேரத்தில் தமிழ்நாடு முழுக்கப் பேசலாம்.

இந்த அனுமதியில் செய்யக் கூடாதவையும் உண்டு. வியாபாரப் பேச்சு கூடாது. கடைக்கும் குடோனுக்கும் இடையில் சரக்குக் கணக்குப் பேச இதைப் பயன்படுத்த முடியாது. பாட்டுப் போட்டு ஒலிபரப்பக் கூடாது. ரகசியச் சங்கேதம் கூடாது. லைசென்ஸ் இல்லாதவரிடம் மைக்கைக் கொடுத்து அவர் இஷ்டத்துக்குப் பேசவிடக் கூடாது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார் பாதயாத்திரையில் முன்னால் போகிறவர்களும் பின்னால் வருகிறவர்களும் பேசிக்கொள்ள வாக்கி-டாக்கி வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தத் தேவைக்கு ஹாம் லைசென்ஸ் பொருந்தாது. அதற்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த சக்திக் கைச்செட்டுகளுக்கு 2018-லிருந்தே லைசென்ஸ் தேவையில்லை என்ற விலக்கு இருக்கிறது. முறையான வகை ஒப்புதல் (அந்த மாதிரிச் செட்டுக்கு அரசு தரும் ஒப்புதல்) பெற்ற செட்டாக வாங்கினால் போதும். தேவை எது என்று முதலில் தெளிவாக்கிக்கொண்டால் பாதிப் பேருக்குத் தேர்வே எழுத வேண்டியிருக்காது.

விண்ணப்பம்

12 வயது நிரம்பிய இந்தியக் குடிமக்கள் யாரும் தேர்வு எழுதலாம். பட்டம் தேவையில்லை. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் வரும் டபிள்யூபிசி பிரிவுதான் லைசென்ஸ் வழங்கும் அதிகாரம் கொண்டது. விண்ணப்பம் முழுவதும் 'சரள் சஞ்சார்' என்ற அரசு இணையதளத்தில். கட்டணம் பாரத்கோஷ் என்ற அரசின் கட்டணத் தளம் வழியாகப் போகும். பிறந்த தேதிக்கான சான்று, அடையாளச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டால் உட்கார்ந்த இடத்தில் முடித்துவிடலாம்.

பிரவுசிங் சென்டரில் கொடுத்துப் பதிவு செய்பவர்களுக்கு ஒரு விஷயம். கணக்குத் தொடங்கும்போது உங்கள் சொந்த மின்னஞ்சலையும் செல்போன் எண்ணையும் கொடுங்கள். தேர்வு நாள், திருத்தக் கடிதம், கட்டணக் கோரிக்கை எல்லாம் அங்கேதான் வரும். சென்டர்காரரின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால் தேர்வுத் தேதி உங்களுக்குத் தெரியாமலேயே போய்விடும். அதோடு, "ஐந்தாயிரம் கொடுங்க, நான் லைசென்ஸ் வாங்கித் தர்றேன்" என்று யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். தேர்வை நீங்கள்தான் எழுதியாக வேண்டும். இடையில் ஆள் செய்து தருவதற்கு எதுவுமே இல்லை.

முகவரி விஷயத்தில் செட்டிநாட்டுக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். லைசென்ஸ் ஆளுக்கு மட்டும் தரப்படுவதில்லை, நிலையம் இருக்கும் இடத்தையும் சேர்த்தே தரப்படுகிறது. பூர்வீக வீடு கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருக்கும், குடியிருப்பது காரைக்குடியில் வாடகை வீடாக இருக்கும், ஆதாரில் சென்னை முகவரி இருக்கும். இப்படி மூன்று இடம் மூன்று விதமாக இருந்தால் பின்னால் விசாரணை வரும்போது சிக்கல். உண்மையில் குடியிருக்கும் இடத்தின் முகவரியைக் கொடுத்து, அதற்கான சான்றை முன்கூட்டியே சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் முகவரியைக் கொடுத்துவிட்டு, விசாரிக்க வருபவர் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போனால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

தேர்வில் என்ன கேட்பார்கள்?

ஒரே தாள், இரண்டு பகுதிகள். ஒன்று ரேடியோ நுட்பம், மற்றது விதிமுறைகள். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு ஒவ்வொரு பகுதியிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஜெனரலுக்கு ஒவ்வொன்றிலும் 50, மொத்தத்தில் 55. ஜெனரலில் கூடுதலாக மோர்ஸ் தந்தி உண்டு, நிமிடத்துக்கு 8 சொற்கள் வேகத்தில் அனுப்பவும் வாங்கவும் வேண்டும். ஒரு சொல்லுக்கு 5 எழுத்து என்று கணக்கு, அதாவது நிமிடத்துக்கு 40 எழுத்து. நாள்தோறும் கொஞ்ச நேரம் காதால் கேட்டுப் பழகினால் சில மாதங்களில் வந்துவிடும். புள்ளி, கோடு என்று தாளில் எழுதி மனப்பாடம் செய்தால் வராது. எழுத்தின் ஒலியை அப்படியே பழக வேண்டும்.

நுட்பப் பகுதி பிளஸ் டூ இயற்பியல் படித்தவருக்குப் பாதி தெரிந்ததுதான். ஓம் விதி, மின்தேக்கி, ஒத்திசைவு, டிரான்சிஸ்டர், ஏஎம்-எஃப்எம் பண்பேற்றம், சூப்பர்ஹெட் ரிசீவர், ஆன்டெனா, அலை பரவும் விதம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் தேறலாம். மாதிரிக்கு ஒரு கணக்கைப் பாருங்கள். 7.1 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் அரை அலை டைபோல் ஆன்டெனாவின் நீளம் என்ன? 300-ஐ 7.1-ஆல் வகுத்தால் அலைநீளம் 42.25 மீட்டர். அதில் பாதி 21.1 மீட்டர். கம்பிக்குத் தடிமனும் முனைகளும் இருப்பதால் வெட்டவெளிக் கணக்கைவிட ஏறக்குறைய 5 சதவீதம் குறைக்க வேண்டும். விடை, சுமார் 20 மீட்டர். நடுவில் வெட்டி, பக்கத்துக்கு 10 மீட்டராக இழுத்துக் கட்ட வேண்டும். தேர்வில் எழுதும் இந்தக் கணக்கைத்தான் பின்னால் மொட்டை மாடியில் டேப் வைத்து அளக்கப் போகிறீர்கள். அதனால் இதை மனப்பாடமாகப் படிக்காமல் புரிந்து படிப்பது இரண்டு விதத்தில் லாபம்.

விதிமுறைப் பகுதியை லேசாக எடுத்துக்கொண்டு தோற்பவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். இன்ஜினீயரிங் படித்தவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் உலகை மூன்று வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறது, இந்தியா மூன்றாவதில் வருகிறது. எந்த அலைவரிசை நமக்கு உண்டு, கால்சைனை எப்போது சொல்ல வேண்டும், பேசியதைப் பதிவு செய்யும் லாக் புத்தகத்தில் என்ன எழுத வேண்டும், ஆபத்துக் காலச் செய்தி காதில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் இதில் வரும். கியூ குறியீடுகள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். கியூடிஎச் என்றால் நிலையம் இருக்கும் இடம், கியூஎஸ்எல் என்றால் செய்தி கிடைத்தது, கியூஆர்எம் என்றால் பிற நிலையங்களின் குறுக்கீடு. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று எழுத்துகளைச் சொல்லும் முறையும் கேட்பார்கள்.

ஹைதராபாத்தில் 1983 முதல் இயங்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் பாடப் பொருள்கள் நல்ல துணை. தமிழில் இதற்கென்று முழுமையான பாடநூல் கைக்குக் கிடைப்பது அரிது. ஆங்கிலத்தில் படித்துவிட்டு, தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொள்ளும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் வேலை எளிதாகிவிடும்.

சென்னைக்குப் போய்வரும் செலவு

தேர்வை நடத்துவது அரசின் வயர்லெஸ் கண்காணிப்பு நிலையங்கள். காரைக்குடிக்காரருக்கு அது பெரும்பாலும் சென்னைப் பயணம். ஏறக்குறைய 400 கிலோமீட்டர். காலையில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸில் போனால் எழும்பூரில் இறங்கும்போதே நண்பகல் ஆகிவிடும். காலைத் தேர்வு என்றால் அது உதவாது, முந்தைய இரவு ராமேஸ்வரம் பக்கமிருந்து வரும் ரயிலிலோ சிலம்பு எக்ஸ்பிரஸிலோ ஏற வேண்டும். ஸ்லீப்பர் டிக்கெட் போக 300, வர 300 அளவில் ஆகும். சாப்பாடு, ஆட்டோ, தேவைப்பட்டால் ஓர் இரவு தங்கல். பள்ளிப் பிள்ளை என்றால் கூட ஒரு பெரியவர் போக வேண்டும், ஆகவே எல்லாம் இரட்டிப்பு. 100 ரூபாய்த் தேர்வுக்கு ஒரு குடும்பம் இரண்டாயிரம், மூவாயிரம் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் நடப்பு. மேலே மூவாயிரம் என்று சொன்ன கணக்கு இதையும் சேர்த்துத்தான்.

தேறிய பிறகு இன்னொரு விண்ணப்பம், அது லைசென்ஸுக்கு. அப்போது விருப்பமான கால்சைன் எழுத்துகளை வரிசைப்படுத்திக் கேட்கலாம். காலியாக இருந்தால் கிடைக்கும். உள்துறை, காவல்துறை வழியாகப் பின்னணி விசாரணை உண்டு. முன்னெல்லாம் இதற்கு ஓர் ஆண்டுகூட ஆன கதைகள் உண்டு. சரள் சஞ்சார் வந்த பிறகு கோப்பு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளவாவது முடிகிறது. மாதங்கள் ஆகும் என்று மனதில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். ஏப்ரலில் தேர்வு எழுதிவிட்டு மே விடுமுறையில் பேசலாம் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

காத்திருக்கும் காலத்தைக் கேட்பதில் கழிக்கலாம். நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகத்தின் வெப்எஸ்டிஆர் என்ற இணைய ரிசீவர் 2008-லிருந்து இணையத்தில் இலவசமாக இருக்கிறது. செல்போனிலேயே திறந்து, ஐரோப்பிய ஹாம்கள் பேசுவதைக் கேட்கலாம். இதுபோன்ற ரிசீவர்கள் பல நாடுகளில் உண்டு. எப்படி அழைக்கிறார்கள், எப்படி முறை மாற்றிக்கொள்கிறார்கள், சிக்னல் அறிக்கையை எப்படிச் சொல்கிறார்கள் என்பது காதில் ஏறிவிட்டால், முதல் முறை மைக்கை அழுத்தும்போது வரும் நடுக்கம் பாதி குறைந்துவிடும்.

செட்டை எப்போது வாங்குவது?

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அனுமதி இல்லாமல் அனுப்பும் செட்டை வைத்திருப்பதே குற்றம். ஆன்லைனில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்குச் சீனக் கைச்செட்டுகள் தாராளமாகக் கிடைத்துவந்ததால், பலர் அதைப் பொம்மை போல வாங்கிவிட்டார்கள். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படி விற்ற இணைய வணிகத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. மாத இறுதியில் வாக்கி-டாக்கி விற்பனைக்கென்று தனி வழிகாட்டு நெறிகளும் வந்தன. அலைவரிசை என்ன, லைசென்ஸ் தேவையா, வகை ஒப்புதல் இருக்கிறதா என்று விற்பவர் தெரிவித்தாக வேண்டும். இதை நான் வரவேற்கிறேன். காவல்துறையும் ஆம்புலன்ஸும் பேசும் அலைவரிசையில் தெரியாமல் பொத்தானை அழுத்தும் ஒருவரால் வரும் கேடு பெரிது.

லைசென்ஸ் வந்தபின் இரண்டு பாதைகள். முதலாவது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான இரண்டு மீட்டர் அலைவரிசை. கைச்செட்டு போதும், செலவு குறைவு. ஆனால் இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. எவ்வளவு தூரம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு, ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் வரும். 12 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் 14 கிலோமீட்டர். எதிராளிக்கும் அதே உயரம் என்றால் இரண்டையும் கூட்டி 28. அதாவது காரைக்குடி மாடிக்கும் தேவகோட்டை மாடிக்கும் தாராளமாகப் பேசலாம். மதுரைக்கும் திருச்சிக்கும் நேராக எட்டாது. சமதரையான நம் வட்டாரத்தில் மலை குறுக்கே வந்து மறைப்பது இல்லை, அதே சமயம் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வைக்க உயர்ந்த குன்றும் அதிகம் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து கைச்செட்டில் பேசிப் பார்த்து "எடுக்கவில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். செட்டிநாட்டுச் சுவரின் கனத்துக்கு முன்னால் கைச்செட்டின் குட்டி ஆன்டெனா திணறும். மாடிக்குப் போங்கள். சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேல் கடக்கும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் அதன் ஹாம் ஒலிபரப்பு இருந்தால் அதே கைச்செட்டில் கேட்கலாம்.

இரண்டாவது பாதை சிற்றலை, மேலே கணக்குப் போட்ட 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகள். செட்டிநாட்டுக்கு இதுதான் பொருத்தம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். காரணம், நம் வீடுகள்.

நீள வீடும் இருபது மீட்டர்க் கம்பியும்

சென்னையில் அடுக்குமாடியில் இருக்கும் ஹாமுக்குப் பெரிய தலைவலி இடம். 20 மீட்டர் கம்பியை எங்கே கட்டுவது? அசோசியேஷன் விடாது, விட்டாலும் பக்கத்து வீட்டு பால்கனி குறுக்கே வரும். செட்டிநாட்டு வீடு முகப்பில் தொடங்கி, வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்கட்டு என்று ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிவது. முகப்பு மாடியில் ஒரு கம்பம், பின்கட்டில் ஒரு கம்பம், இடையில் வளவுக்கு மேலே டைபோலை இழுத்தால் இன்னும் இடம் மிச்சம் இருக்கும்.

அந்தக் கம்பி தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அது கால் அலைநீளம்தான். அவ்வளவு தாழ்வாக இருக்கும் டைபோல் சக்தியின் பெரும்பகுதியை வானத்தை நோக்கி மேலே அனுப்பும். குறை போலத் தோன்றும் இது நமக்கு வரம். பகலில் மேலே போன அலை அயனி மண்டலத்தில் பட்டுச் சில நூறு கிலோமீட்டர் சுற்றளவில் எல்லாப் பக்கமும் இறங்கும். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், இலங்கை எல்லாம் அதற்குள் வரும். வீடு கிழக்கு மேற்காக இருக்கிறதா, வடக்கு தெற்காக இருக்கிறதா என்ற கவலை இந்த உயரத்தில் அநேகமாகத் தேவையில்லை. இரவானால் அதே அலைவரிசை இன்னும் தூரத்துக்குத் திறக்கும்.

இன்னொரு அனுகூலம் அமைதி. மின்னணு இரைச்சலைச் சொல்கிறேன். நகரத்தில் எல்இடி விளக்கு, சார்ஜர், சோலார் இன்வர்ட்டர், லிஃப்ட் எல்லாம் சேர்ந்து சிற்றலை ரிசீவரில் ஓயாத சரசரப்பாகக் கேட்கும். ஆளும் விளக்கும் குறைந்த செட்டிநாட்டுக் கிராமங்களில் அது மிகக் குறைவு, அதனால் மெல்லிய சிக்னலும் காதுக்கு எட்டும். உங்கள் வீட்டு எல்இடி பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தாலே எது இரைச்சல் போடுகிறது என்று தெரிந்துவிடும்.

இதற்கான பொருள் எல்லாம் எலெக்ட்ரிக்கல் கடைச் சாமான்தான். வீட்டு வயரிங்குக்கான செம்புக் கம்பி, முனைகளுக்கு இன்சுலேட்டர், நைலான் கயிறு. ஆன்டெனாவைச் செட்டோடு இணைக்கும் கோஆக்ஸ் கேபிளும் கனெக்டரும் மட்டும் மதுரையிலோ சென்னையிலோ பார்த்து வாங்க வேண்டியிருக்கும். ஆயிரம், இரண்டாயிரத்தில் ஆன்டெனா தயார். செட்டில்தான் பணம் போகும். ஜப்பான் கம்பெனிகளின் புதிய சிற்றலை செட்டுகள் லட்சத்தைத் தொடும், தாண்டும். அதற்கு மாற்றாக நம் நாட்டிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் வகைச் செட்டுகள், சாதாரண உதிரி பாகங்களை வைத்துக் கையால் கட்டக்கூடியவை. இன்று உலகம் முழுக்க ஹாம்கள் அதைக் கட்டுகிறார்கள். தேர்வுக்குப் படித்த சர்க்யூட் படம் சால்டரிங் அயர்னுக்குக் கீழே உயிர் பெறுவதைப் பார்க்க வேண்டும் என்றால் இந்த வழிதான்.

சரி, கம்பத்தை நடுவதற்கு முன் வீட்டில் பேச வேண்டும். பூர்வீக வீடு என்றால் பங்காளிகள் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் அதில் உரிமை. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில் இருப்பார்கள். யாரோ மாடியில் இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள் என்று மூன்றாம் மனிதர் சொல்லி அவர்களுக்குத் தெரியக் கூடாது. இன்ன இடத்தில், ஓட்டில் ஓட்டை போடாமல், வேண்டாமென்றால் கழற்றிவிடுகிற மாதிரி கட்டுகிறேன் என்று முன்னாலேயே எழுதிக் கேட்டுவிடுங்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் ஆணி அடித்து இறுக்குவதைவிட, கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கயிற்றால் கட்டுவது வீட்டுக்கும் நல்லது.

வீட்டில் மூத்தவர்கள் கேட்கும் கேள்வி இன்னொன்று. "ஏப்பா, ஐப்பசி கார்த்திகையில இடி இடிச்சா இந்தக் கம்பி வழியா உள்ள வந்துறாதா?" என்று ஓர் ஆச்சி கேட்டார். "வரும் ஆச்சி. அதனாலதான் மழை கட்டுறப்பவே வயரைக் கழற்றி வெளியில போட்டுருவேன்" என்பதுதான் நேர்மையான பதில். ஆச்சி கேட்டது தேர்விலேயே வர வேண்டிய கேள்வி. இடி காலத்தில் ஆன்டெனா கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே விடுவது கட்டாயம். எர்த்தும் நன்றாக இருக்க வேண்டும். நம் செம்புறை மண் கோடையில் காய்ந்து கல்லாகிவிடும், மின்சாரத்தை எளிதில் உள்ளே விடாது. உப்பும் கரியும் போட்டுக் குழி எடுத்து, தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கும் நம் எலெக்ட்ரீஷியன்களின் பழைய முறை இங்கே சரியாகவே பொருந்தும்.

இங்கே இது ஏன் வேண்டும்?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்கள் அடி வாங்கின. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, செல்போன் கோபுரங்கள் மின்சாரம் இல்லாமல் ஓய்ந்தன. புதுக்கோட்டைக் கிராமங்களில் பல நாள் இருட்டு. காரைக்குடியில் இருந்தவர்களுக்கு நாற்பது கிலோமீட்டர் தூரத்து உறவினர்களின் நிலை தெரியவில்லை. ஒரு கார் பேட்டரியும் ஒரு சிற்றலைச் செட்டும் ஒரு கம்பியும் இருந்தால் அந்த நேரத்தில் தகவல் போகும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் அந்தமானுக்குப் போயிருந்த ஹாம் குழு, போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தது. 26-ஆம் தேதி சுனாமி வந்து தொலைபேசி அற்றுப்போனபோது தீவுக்கும் நிலப்பரப்புக்கும் இடையில் செய்தி கொண்டுசேர்த்தது அந்தக் குழுதான். புயல் வந்த பிறகு யாரும் லைசென்ஸ் எடுக்க முடியாது. பழகிய ஆட்கள் அந்த ஊரில் முன்பே இருக்க வேண்டும்.

ஆட்கள் உருவாகத் தடையாக இருப்பது 100 ரூபாயோ 1,000 ரூபாயோ இல்லை, அந்த 400 கிலோமீட்டர்தான். அமெரிக்காவில் 2022-லிருந்து லைசென்ஸ் கட்டணம் 35 டாலர், 10 ஆண்டுகளுக்கு. நம்மைவிட அதிகம். ஆனால் அங்கே தேர்வை நடத்துபவர்கள் தகுதி பெற்ற தன்னார்வ ஹாம்கள். ஊர் நூலகத்திலோ, இணையம் வழியாகவோ எழுதலாம். கட்டணத்தைக் குறைத்து வைத்திருக்கும் நம் அரசு, தேர்வு இடத்தையும் அருகில் கொண்டுவந்தால் பலன் பல மடங்காகும்.

காரைக்குடிக்கு அதற்கான இடமும் ஆட்களும் இருக்கிறார்கள். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்ததால் வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-லிருந்து இங்கே இயங்குகிறது. இன்ஜினீயரிங் கல்லூரி இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் வருகிறார்கள். ஒரு கல்லூரித் துறைத்தலைவர் முப்பது, நாற்பது மாணவர்களைச் சேர்த்து, பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்து, ஒரு பருவம் வாரம் ஒரு வகுப்பு நடத்தி, இத்தனை பேர் தயாராக இருக்கிறோம், எங்கள் வளாகத்திலேயே தேர்வு நடத்துங்கள் என்று கண்காணிப்பு நிலையத்துக்கும் டபிள்யூபிசிக்கும் கடிதம் எழுத வேண்டும். ஒப்புக்கொண்டால் நாற்பது குடும்பங்களின் ரயில் செலவு மிச்சம். ஒப்புக்கொள்ளாவிட்டாலும், நாற்பது பேரும் ஒரே ரயிலில் சேர்ந்து போய் எழுதிவிட்டு வரலாம், அதற்குள் படித்து முடித்திருப்பார்கள்.